சூடானால் நிற்கும் வண்டியும் 870 ஓம் காட்டும் சென்சாரும்

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். 2006 மாடல் சின்ன பெட்ரோல் கார், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. காலையில் திருநெல்வேலியில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, கயத்தாறு வரை ஒரு குறையும் இல்லை, அதைத் தாண்டியதும் யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்துபோட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறு எண் வந்திருக்கிறது. மெக்கானிக் மறுநாள் காலையில், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார், 870 ஓம் காட்டியது, “சென்சார் நல்லாத்தான் இருக்கு, இசிஎம் போயிருச்சு, பழசு ஒண்ணு 18,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்டுடலாம்” என்கிறார். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான அந்த இசிஎம்மை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். மெக்கானிக்கைக் குறை சொல்ல வரவில்லை, அவர் மீட்டரை எடுத்தாரே, அதுவே பெரிய விஷயம். ஆனால் அவர் அளந்த நேரம் தப்பு. சூட்டில் வரும் கோளாறை ஆறிப்போன பிறகு தேடியிருக்கிறார். காய்ச்சல் விட்டபிறகு தெர்மாமீட்டர் வைத்த கதைதான். நான் 22 வருடமாகக் கோவைப் பக்கம் வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் பழைய பெட்ரோல் வண்டிகள், டீசலில் காமன் ரெயில் வண்டிகளை நான் தொடுவதில்லை. அதனால் கீழே எழுதுவதைப் பெட்ரோல் வண்டிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவும் இல்லை. எது உறுதி, எது என் யூகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்தது இது. 870 ஓம் வந்திருக்கிறது என்பதாலேயே உங்கள் வண்டியில் இருப்பது காயில் வகை சென்சார். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பி. ஃப்ளைவீலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் இதன் மூக்குக்கு முன்னால் போகும்போது கம்பியில் சின்ன மின்சாரம் பிறக்கும். நிறைய வண்டிகளில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் அடுத்தடுத்து 2 பல் இருக்காது. அந்த இடைவெளி வந்துபோவதை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசிஎம் கணக்குப் போடுகிறது. 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 2,900 பல் அந்த மூக்கைக் கடக்கிறது. இந்தத் தகவல் நின்றால் எப்போது பொறி கொடுப்பது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று இசிஎம்முக்குத் தெரியாது. இரண்டையும் நிறுத்திவிடும், பெட்ரோல் பம்பையும் நிறுத்திவிடும். அதனால்தான் திக்கித் திணறி நிற்காமல், சாவியைத் திருப்பினது போல ஒரேயடியாக நிற்கிறது. நீங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதும் எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிட்டது. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி இப்படி நிற்காது, ஒன்றிரண்டு முறை இழுத்து, குலுங்கி, பிறகுதான் நிற்கும்.

இந்தச் செம்புக் கம்பியில் விரிசல் விழுந்தால், ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடானால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விரிந்து முனைகளைப் பிரித்துவிடும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். காலையில் மீட்டர் வைத்தால் 870 காட்டத்தான் செய்யும். அந்த 870 சொல்வதெல்லாம், காலையில் கம்பி அறுந்திருக்கவில்லை என்பது மட்டும்தான். கயத்தாறில் என்ன நடந்தது என்று அது சொல்லாது.

பி0335 என்பதையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். கிராங்க் சென்சார் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது, கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அர்த்தம். சர்க்யூட் என்றால் சென்சார், வயரை அதில் செருகும் கப்ளர், அங்கிருந்து இசிஎம் வரை ஓடும் வயர், இசிஎம்மின் உள்பகுதி, எல்லாமும்தான். ஆகவே இசிஎம் என்று உங்கள் மெக்கானிக் சொல்வது நடக்கவே நடக்காத விஷயமில்லை. இசிஎம் உள்ளே ஈயப் பற்று விரிந்து சூட்டில் விட்டுப்போன வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். சென்சாரும் வயரும் போன வண்டிகளுக்குக் கணக்கே வைக்கவில்லை. விலையையும் பாருங்கள், சென்சார் எங்கே, 18,000 எங்கே. இன்னொன்று, திருட்டுத் தடுப்புச் சாவி உள்ள வண்டி என்றால் பழைய இசிஎம்மை வாங்கி மாட்டினால் சாவியை அது ஏற்றுக்கொள்ளாது, அதைச் சரிக்கட்ட வேறு ஆளைத் தேட வேண்டும். எதற்குச் சொல்கிறேன் என்றால், இசிஎம் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி நின்றுபோன அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நல்ல நேரம். எல்லோரும் அதில் டீக்கடை தேடுகிறார்கள். ஆறின பிறகு எந்தக் கெட்டிக்காரன் வந்தாலும் அவனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அடுத்த முறை வேண்டுமென்றே போங்கள். பகலில், கூட ஒரு ஆளோடு, ஒரு மல்டிமீட்டர், இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பழைய துணி எடுத்துக்கொண்டு போங்கள். நின்றதும் ஓரங்கட்டி, ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். நல்ல வண்டியில் செல்ஃப் சுற்றும்போதே முள் கொஞ்சம் எழும்பும், 200, 250 அளவுக்கு. ஒட்டினாற்போல அசையாமல் கிடந்தால், இசிஎம்முக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், எல்லா வண்டியிலும் முள் அவ்வளவு கீழே காட்டாது. ஆறியிருக்கும்போது ஒருமுறை செல்ஃப் அடித்து உங்கள் வண்டி முள் எழும்புகிறதா என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். ஸ்கேனர் கையில் இருந்தால் இன்னும் நல்லது, செல்ஃப் அடிக்கும்போது அதில் ஆர்பிஎம் பூஜ்யம் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் நெட்டில் கிடைக்கும் சில நூறு ரூபாய் ப்ளூடூத் கருவியை நம்பி வாங்காதீர்கள். நம் நாட்டில் ஓபிடி-2 என்ற பொதுவான ஸ்கேனர் முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான், உங்கள் வண்டி அதற்கு ஏழு வருடம் மூத்தது. சாக்கெட் அதே போல இருந்தாலும் பேசும் மொழி வேறாக இருக்கலாம்.

அப்புறம் பம்ப். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி ‘ஊம்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். காதை வைத்துக் கேளுங்கள், கூட வந்தவரைக் கேட்கச் சொன்னாலும் சரி. அந்த இரண்டு நொடி சத்தம் வருகிறது, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப், ஃப்யூஸ், மெயின் ரிலே எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, கிராங்க் தகவல்தான் வரவில்லை என்று கணக்கு. சாவி போட்டதும் வரவேண்டிய அந்தச் சத்தமே இல்லையென்றால் கதை வேறு, ரிலே பக்கம் போக வேண்டும். சூட்டில் விட்டுவிட்டு வேலை செய்யும் ரிலேவும் இதே போல வண்டியைத் திடீரென்று நிறுத்தும். ஆனால் ரிலே மட்டும் போனால் பி0335 பதிவாக வழியில்லை, அதனால் உங்கள் விஷயத்தில் நான் அந்தப் பக்கம் முதலில் போகமாட்டேன்.

இப்போது மீட்டர். சாவியை ஆஃப் செய்து சென்சார் கப்ளரைப் பிரித்து, சென்சார் பக்க ஊசிகளில் ஓம் பாருங்கள். இசிஎம் பக்கத்தில் ஓம் வைக்கக் கூடாது. மூன்று ஊசி இருந்தால் குழம்ப வேண்டாம், காயிலுக்கு இரண்டு போதும், மூன்றாவது பெரும்பாலும் வயரைச் சுற்றியிருக்கும் வலைக்கவசத்துக்கானது, பிளக் வயர்களின் மின் இரைச்சல் உள்ளே வராமல் தடுக்க. அதே 870 வராது, கூடத்தான் வரும், பயந்துவிடாதீர்கள். செம்புக்குப் பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 4 சதவீதம் ஓம் கூடும். காலையில் 30 டிகிரியில் 870 என்றால் 100 டிகிரியில் 1,100 பக்கம் வருவது இயல்பு. இதைப் பார்த்துவிட்டு “அளவு மாறிப்போச்சு, சென்சார் அவுட்” என்று தூக்கிப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கெட்டதன் அடையாளம் வேறு. ஒன்றுமே காட்டாமல் திறந்த சர்க்யூட்டாக நிற்கும், அல்லது எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் தாவிக்கொண்டிருக்கும். ஓம் சரியாக இருந்தால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, அதே இரண்டு ஊசியில் வைத்துக்கொண்டு கூட வந்தவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சில நூறு மில்லிவோல்ட்டாவது வர வேண்டும். பூஜ்யம் என்றால் சென்சார் செத்துவிட்டது. சரியாக எத்தனை வர வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதனால் இதையும் வீட்டில் ஒருமுறை ஆறிய நிலையில் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஹால் வகை சென்சார் உள்ள வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு இந்த ஓம் சோதனை பொருந்தாது, அதற்கு 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, சிக்னல் மேலும் கீழும் அடிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மீட்டர் இல்லாமலும் ஒரு வழி உண்டு, அதுதான் தண்ணீர். துணியை நனைத்துச் சென்சார் மேல் மட்டும் போர்த்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நனையுங்கள். ஐந்து நிமிடத்தில் செல்ஃப் அடியுங்கள். எப்போதும் அரை மணி நேரம் அடம்பிடிக்கும் வண்டி இப்போது உடனே பிடித்தால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டான். பல்லடம் ரோட்டில் ஒரு வாத்தியார் வண்டியை இப்படித்தான் கண்டுபிடித்தேன். நான்கு இடத்தில் காட்டி, பம்ப் மாற்றி, பிளக் மாற்றி, இக்னிஷன் காயில் மாற்றி நொந்துபோயிருந்தார். துணியைப் போட்டதும் சென்சாரிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது, நாலாவது நிமிடம் வண்டி ஓட ஆரம்பித்தது. அவருக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஒரு எச்சரிக்கை, தண்ணீரைக் குடத்தோடு கவிழ்க்காதீர்கள். பழுக்கக் காய்ந்த சைலன்ஸர் மேனிஃபோல்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும், அப்புறம் சென்சார் செலவு சில்லறையாகிவிடும்.

இனி யூகம். இத்தனையும் வைத்துப் பார்த்தால் சென்சார்தான் என்று பத்துக்கு ஏழு சொல்வேன். மிச்ச மூன்றில் இரண்டை வயருக்கும் கப்ளருக்கும் கொடுப்பேன். ஏன் முழுசாகப் பத்தும் சொல்லமாட்டேன் என்றால், இதில் நானே ஒருமுறை மண்ணைக் கவ்வியிருக்கிறேன். தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு வேன், இதே அறிகுறி, இதே பி0335. பார்த்ததும் தெரிந்துவிட்டது என்ற மிதப்பில் சென்சாரை மாற்றிப் பணம் வாங்கி அனுப்பினேன். மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது நின்றுவிட்டது. பிள்ளைகளை இறக்கி வேறு வண்டியில் ஏற்றிவிட்டு அந்த டிரைவர் என்னிடம் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து வயரை முழுக்கப் பிரித்தேன். கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு தகடு கிளிப், அதில் உரசி உரசி மேல் உறை தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து, மூன்றே மூன்று இழை பிடித்துக்கொண்டிருந்தது. சமதரையில் ஒன்றும் ஆகாது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மவுண்டிங்கில் சற்றுச் சாயுமே, அந்தச் சாய்வில் வயர் இழுபட்டு விட்டுப்போகும். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து, சென்சாரை மாற்றும் முன் வயரை ஆட்டிப் பார்க்காமல் நான் கை வைப்பதில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை போகாமல், கப்ளரையும் வயரையும் மெல்ல வளைத்து, அசைத்துப் பாருங்கள். இன்ஜின் ஒரு கணம் தடுமாறினாலும் அங்கேதான் வில்லங்கம். கப்ளர் உள்ளே எண்ணெய் ஊறியிருக்கிறதா, ஊசி பச்சை பூத்திருக்கிறதா, பெண் பக்க ஊசி அகண்டு தளர்ந்திருக்கிறதா, பூட்டு உடைந்து யாராவது டேப் சுற்றி வைத்திருக்கிறார்களா, எல்லாம் பாருங்கள். எலியை மறக்காதீர்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் எலிக்கடியை நான் முதலிலேயே தேடுவேன். வயரை ஒட்ட வேண்டி வந்தால் ஒன்று கவனம்: இரண்டு வயரும் இடம் மாறக் கூடாது. காயில்தானே, எப்படிக் கொடுத்தால் என்ன என்று நினைப்பார்கள். மாற்றிக் கொடுத்தால் அலை தலைகீழாகி, அந்தப் பல் இல்லாத இடத்தை இசிஎம் தப்பான இடத்தில் படிக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகியும் உதைக்கும், நீங்கள் புது சென்சாரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சென்சார்தான் என்று முடிவானால் மாற்றுவது பெரிய வித்தையில்லை. வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். உங்கள் மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஃப்ளைவீலைப் பார்த்தபடி இருக்கும், சிலவற்றில் முன்பக்கம் கிராங்க் புல்லி அருகே. கழற்றும் முன் சுற்றிலும் உள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ் போட்டுத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் ஓட்டை வழியாக உள்ளே விழும். ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட்தான். போல்ட் வந்துவிடும், சென்சார் வராது, அங்கேதான் பொறுமை தேவை. பதினெட்டு இருபது வருடமாக அலுமினியத்தோடு ஒட்டிக்கிடப்பது. ஸ்க்ரூட்ரைவர் கொடுத்து நெம்பினால் காது உடைந்து மூக்கு உள்ளேயே தங்கிவிடும், பிறகு கியர்பாக்ஸை இறக்க வேண்டிவந்தாலும் ஆச்சரியமில்லை. துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து அரை மணி நேரம் விட்டு, கையாலேயே இடதும் வலதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள், மெதுவாக வழிவிடும். வெளியே எடுத்ததும் மூக்கைப் பாருங்கள். காந்தம் என்பதால் இரும்புத்தூள் மீசை போல ஒட்டியிருக்கும். லேசாக இருந்தால் இயல்பு. அடர்த்தியாக இருந்தால் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் செலவு செய்யலாம். ஒரு பக்கம் கோடுகோடாக உரசின தடம் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ ஆடுகிறது என்று பொருள், அது மெக்கானிக் நேரில் பார்க்க வேண்டிய விஷயம்.

புதிதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், இரண்டையும் பக்கத்தில் வைத்து மூக்கின் நீளத்தை ஒப்பிடுங்கள், கடையில் வெர்னியர் இருந்தால் அளந்தே பாருங்கள். பல்லுக்கும் மூக்குக்கும் நடுவே இருப்பதே ஒரு மில்லிமீட்டர் பக்கம்தான். மூக்கு ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் சிக்னல் செல்ஃபில் எட்டாது, நீளமாக இருந்தால் பல்லில் இடிக்கும். மலிவு டூப்ளிகேட்டுகளில் நான் பார்த்த கோளாறு பெரும்பாலும் இதுதான், காயில் நன்றாகவே இருக்கும், உடம்பு அளவுதான் தப்பு. ஒரிஜினலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் விலை வித்தியாசத்தைக் கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு உருப்படியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், நடுரோட்டில் நிறுத்துகிற சாமான் இது. மாட்டும்போது ஓ-ரிங்கில் ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவி, அழுத்தி முழுசாக உட்காரவைத்து, போல்ட்டை முதலில் விரலால் ஏற்றுங்கள். 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், ராட்செட்டின் வாலைப் பிடிக்காமல் கழுத்தைப் பிடித்து முறுக்கினால் அந்த அளவுதான் வரும். அலுமினிய மரை வழுக்கினால் அது தனிக் கதை. வயரை வந்த வழியிலேயே கொண்டுபோய் எல்லாக் கிளிப்பிலும் மாட்டுங்கள், சைலன்ஸர் மேனிஃபோல்டுக்கும் பிளக் வயருக்கும் பக்கத்தில் போகக் கூடாது.

ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், காலையில் அது எப்போதும்தானே ஸ்டார்ட் ஆனது. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விட்டு, அணைத்து, பானெட்டைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். காற்றோட்டமும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால் ஓடும்போது இருந்ததைவிட அந்த நேரத்தில் பானெட்டுக்குள் சூடு ஏறும், சென்சாருக்கு அதுதான் கடுமையான நேரம். அப்போது செல்ஃப் அடித்து உடனே பிடிக்க வேண்டும். பிறகு ஒரு பகலில் கோவில்பட்டி வரை போய்வாருங்கள்.

புது சென்சாரும் வயரும் நன்றாக இருந்து, நின்ற வண்டியில் ஏசி வோல்ட் இசிஎம் கப்ளர் வரை வந்துசேர்ந்து, அப்போதும் ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யம் காட்டினால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் நேராக 18,000 கொடுக்காமல், இசிஎம்மைப் பிரித்து ஈயம் வைக்கத் தெரிந்த ஆளிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள். அடுத்த முறை நின்றால் முள் அசைந்ததா, பம்ப் சத்தம் எப்போது வந்தது, சூட்டில் எத்தனை ஓம் என்ற மூன்றையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.